தபாலில் வந்த தியரி

எண்பதுகளில், ஐரோப்பாவில் யாரோ கண்டுபிடித்த புதிய செஸ் நகர்த்தல் ஒன்று மேற்கு மாம்பலத்துக்கு வந்துசேரக் குறைந்தது ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதமும் நாங்கள் பழைய நகர்த்தலையே ஆடிக்கொண்டு, அது எப்போதோ செத்துப்போன செய்தி தெரியாமல், பரம சந்தோஷமாக இருந்தோம். இன்றைக்கு என் அக்கா பேத்தி, ஏழாம் வகுப்புப் படிக்கிறவள், பல் விளக்கும்போதே கைப்பேசியைக் கண்ணாடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, நேற்று ராத்திரி நெதர்லாந்தில் நடந்த ஆட்டத்தில் சிசிலியன் லைன் ஒன்று காலி என்று நுரை வழியும் வாயோடு அறிவிக்கிறாள். காபி ஆறுவதற்குள் அவளுடைய ‘ஃபைல்’ திருத்தப்பட்டுவிடுகிறது. ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களைப் பற்றிய ஓப்பனிங் தியரி என்பது அவளுக்குக் காலையில் அரைத்தால் மாலைக்குள் புளித்துவிடும் மாவு. நாங்களோ ஒரு தடவை அரைத்ததை வருஷம் முழுக்க ஊற்றிச் சாப்பிட்டவர்கள்.

அன்று செய்தி கொண்டுவந்தது யூகோஸ்லாவியாவின் பெல்கிரேடிலிருந்து வெளிவந்த ‘செஸ் இன்ஃபார்மன்ட்’. நாங்கள் உரிமையோடு ‘இன்ஃபர்மேட்டர்’ என்போம். அலெக்சாந்தர் மத்தனோவிச் என்ற கிராண்ட்மாஸ்டர் 1966-இல் தொடங்கியது. அப்போதெல்லாம் ஆண்டுக்கு இரண்டே தொகுதிகள். உலகம் முழுக்க நடந்த போட்டிகளிலிருந்து பொறுக்கியெடுத்த சில நூறு ஆட்டங்கள். எல்லா மொழிக்காரர்களும் வாசிக்கவேண்டும் என்பதற்காக வாக்கியமே இல்லாமல் வெறும் குறிகளால் விளக்கம் எழுதியிருப்பார்கள். ஓப்பனிங்குகள் அத்தனையையும் ஏ-யிலிருந்து இ வரை ஐந்து எழுத்துகள், எழுத்துக்கு நூறு எண்கள் என்று 500 அறைகளாகப் பிரித்து, எந்த ஆட்டம் எந்த அறைக்குச் சொந்தம் என்று மேலே ஒரு முத்திரை குத்தியிருப்பார்கள். எங்கள் வட்டாரத்தில் அது ஒரே ஒருவரிடம்தான் வரும்; அவருக்கு வெளிநாட்டில் தம்பி இருந்தார், எங்களுக்கெல்லாம் இல்லை. அவர் வாசித்து, அவருடைய நெருங்கிய நண்பர் வாசித்து, நண்பருக்குக் கடன்பட்டவர் வாசித்து, முதுகு கிழிந்து, எங்கோ ஒரு பக்கத்தில் சாம்பார்க் கறையோடு என் கைக்கு வரும்போது ஒரு வார இறுதிக்குத்தான் அனுமதி. சனிக்கிழமை ராத்திரி முழுக்க உட்கார்ந்து நீளமான கோடு போட்ட நோட்டில் கையாலேயே நகலெடுப்பேன். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வந்த பிறகும் அதையேதான் செய்தேன். கை எழுதினால் மனசில் நிற்கும் என்று வெளியே சொல்லிக்கொண்டாலும், ஜெராக்ஸ் எடுத்தால் கடைக்காரப் பையனும் பார்த்துவிடுவானே என்பதுதான் உள்ளே இருந்த காரணம்.

அந்தக் குறிகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் ஆசையுமாக இருக்கிறது. கூட்டல் குறிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தால் வெள்ளைக்குக் கொஞ்சம் நல்லது. இரட்டை ஆச்சரியக்குறி என்றால் நகர்த்தியவர் வீட்டுத் திசைக்கு ஒரு கும்பிடு. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, எட்டு என்ற எண் அலுத்துப்போய்ப் படுத்துக்கொண்ட மாதிரி இருக்கும் அந்த முடிவிலிக் குறி. ‘நிலை தெளிவில்லை’ என்று அதற்கு அர்த்தம். உலகத்தின் பெரிய பெரிய மூளைகள் யோசித்துப் பார்த்துவிட்டு, யார் ஜெயிப்பார் என்று எங்களுக்கும் தெரியாதப்பா, நீயே ஆடிப் பார்த்துக்கொள் என்று அந்த எட்டை நம் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு படுத்த எட்டை வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேர் ஒரு கோடை விடுமுறையைக் கழித்திருக்கிறோம். மொட்டை மாடியில் பாய் விரித்து, பலகைக்கு இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து, வெள்ளைக்கு நல்லது என்று காலையில் நிரூபித்ததை மாலையில் கறுப்புக்கு நல்லது என்று நிரூபித்து, இரண்டு நிரூபணமும் தப்பு என்று மறுநாள் கண்டுபிடித்து! இன்று அந்த எட்டுக்கு வேலையில்லை. யாருக்கு எவ்வளவு நல்லது என்று சொல்ல, கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்று என்று ஓர் எண் துடித்துக்கொண்டே இருக்கிறது. தெளிவில்லாத நிலை என்று உலகத்தில் எதுவுமே மிச்சமில்லை. நமக்குத்தான் தெளிவில்லை, அந்தக் குறையைச் சொல்ல எந்தக் குறியும் இல்லை.

படித்ததைப் பரீட்சித்துப் பார்க்க ஆழ்வார்பேட்டைக்குப் போகவேண்டும். கஸ்தூரி ரங்கா சாலையில் சோவியத் கலாசார மையத்துக்குள் மிகயில் தால் பெயரால் ஒரு செஸ் கிளப். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவேல் ஆரோன் 1972-இல் ஆரம்பித்துவைத்தது. ஜெயித்தவர் நாற்காலியில் இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் வாலுக்குப் போகவேண்டும் என்பது அங்கே பிளிட்ஸ் என்ற அதிவேக ஆட்டத்தின் சட்டம். ஆனந்த் சிறுவனாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, பிறகு எழவே மாட்டேன் என்று உட்கார்ந்து, வளர்ந்த இடம் அது. வாலில் நிற்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. நின்றபடி எதிர்க்கட்சியின் ஓப்பனிங்கை வேடிக்கை பார்ப்பதும், பார்க்காத மாதிரி கூரையைப் பார்ப்பதும், பஸ்ஸில் திரும்பும்போது டிக்கெட்டின் பின்பக்கத்தில் நகர்த்தல்களைக் குறித்துக்கொள்வதும் எங்கள் உளவுத்துறையின் வேலைகள். தோளில் ஜோல்னாப் பை, பைக்குள் நோட்டு, நோட்டுக்குள் ஐரோப்பா என்று திரிந்த அந்த இளைஞனை இப்போது எதிரில் கண்டால் ஒரு டீ வாங்கிக் கொடுக்கத் தோன்றுகிறது. எந்த வாக்குவாதத்தையும் “இது இன்ஃபர்மேட்டர்ல வந்திருக்கு சார்” என்ற ஒரே வரியில் முடித்துவிடுவான். அதற்குமேல் பேச யாருக்கும் வாய் வராது. வந்திருக்கிறதா இல்லையா என்று சரிபார்க்க யாரிடமும் புத்தகமும் இல்லை.

1985 அக்டோபரில் மாஸ்கோவில் கார்போவுக்கும் காஸ்பரோவுக்கும் உலகப் போட்டி நடந்துகொண்டிருந்தபோது, 16-ஆவது ஆட்டத்தில், காஸ்பரோவ் சிசிலியனில் எட்டாவது நகர்த்தலாகத் தன் டி சிப்பாயை இன்னும் ஒரு கட்டம் தள்ளி, வா, எடுத்துக்கொள் என்று தாராளமாகக் காணிக்கை கொடுத்தார். கார்போவ் எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கறுப்புக் குதிரை ஒன்று வெள்ளையின் வீட்டுக்குள் டி3 கட்டத்தில் போய் உட்கார்ந்தது. மாமனார் வீட்டு மாப்பிள்ளையைப்போல என்று சொல்லத் தோன்றும், ஆனால் மாப்பிள்ளையாவது ஒரு நாள் ஊருக்குக் கிளம்புவார். இந்தக் குதிரையை அசைக்க முடியவில்லை. வெள்ளைக் காய்கள் ஒன்றும் மூச்சுவிட முடியாமல் நின்றன. காஸ்பரோவ் ஜெயித்தார்; அடுத்த மாதம் 13–11 என்ற கணக்கில் பட்டத்தையும் வாங்கினார். இன்ஃபர்மேட்டருக்காகக் காத்திருக்கத் தேவையில்லாமல், அந்த ஆட்டம் பத்திரிகையிலேயே வந்துவிட்டது. வெட்டி நோட்டில் ஒட்டினேன். மேலே சிவப்பு மையில் பி44 என்று அறை எண்ணும் போட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் என் வாழ்க்கையின் பொற்காலம் என்றால் வீட்டில் கோபித்துக்கொள்வார்கள்; செஸ் வாழ்க்கையின் பொற்காலம் என்று சொல்லிவைக்கிறேன். எதிராளி வெள்ளையில் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயைத் தள்ளியதும் என் நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும். அவர் தப்பித் தவறி நான் விரும்பிய வழியில் வந்துவிட்டால், எட்டாவது நகர்த்தலை உடனே ஆடிவிடாமல், கன்னத்தில் கைவைத்து, அப்போதுதான் எனக்குள் ஏதோ உதித்த மாதிரி நெற்றியைச் சுருக்கி, கடியாரத்தில் சில நிமிஷங்களைத் தானம் செய்துவிட்டு, பிறகு சிப்பாயை இரண்டு விரலால் தள்ளுவேன். சொந்தச் சரக்கு என்று அவர் நம்பவேண்டுமல்லவா? உங்களில் யாருக்காவது மனப்பாடம் செய்த கட்டுரையைப் பேச்சுப் போட்டி மேடையில் யோசித்து யோசித்துப் பேசிய அனுபவம் இருந்தால் நான் சொல்வது புரியும்.

அந்தச் சிப்பாய்க் காணிக்கை ஏற்கனவே செத்துவிட்டது என்பது எனக்கு எப்படித் தெரியும்? 1986-இல் பிரஸ்ஸல்ஸில், அதே கார்போவ், வான் டெர் வீல் என்ற டச்சு கிராண்ட்மாஸ்டருக்கு எதிராக, 12-ஆவது நகர்த்தலில், ராஜாவை ஓரமாகப் பத்திரப்படுத்தும் கேஸ்லிங் செய்வதற்குப் பதில் மந்திரியை இ3-இல் வைத்து, அந்த ஓப்பனிங்கின் கதையை முடித்திருந்தார். செய்தி கப்பலேறி, தம்பி வழியாக அண்ணனுக்கும், அண்ணன் வழியாக ஊருக்கும் வந்து, கடைசியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி என் மேஜை விளக்கின் அடியில் வந்து நின்றது. அதுவரை அந்த லைனில் என்னை யாரும் 12-ஆவது நகர்த்தலில் அடித்ததில்லை. அடிக்கக்கூடிய யாரும் சென்னையில் அதைப் படித்திருந்ததாகத் தெரியவும் இல்லை. ஆனாலும் அன்றே அந்த ஓப்பனிங்குக்கு முழுக்குப் போட்டுவிட்டேன். எந்த மனுஷனும் என்னைத் தோற்கடிக்கவில்லை, அச்சு தோற்கடித்தது. அச்சில் வந்தது அவ்வளவு உண்மை.

அந்த நம்பிக்கை எனக்கு மட்டும் இருந்ததல்ல. 1988-இல் ஸ்விட்ஸர்லாந்தின் பீல் நகரத்தில், நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டராக ஆன அதே ஆண்டில், ஆனந்த் கொலம்பியாவின் சபாட்டாவோடு பெட்ராஃப் டிஃபென்ஸ் ஆடினார். ஐந்தாவது நகர்த்தலில் மந்திரியை வெளியே கொண்டுவந்தார். முந்தைய ஆண்டு மைல்ஸும் கிறிஸ்டியன்சனும் ஆடிய ஆட்டத்தில் அதே நகர்த்தல் வந்து, டிராவாகவும் முடிந்திருந்தது. சபாட்டா ராணியை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி இ2-இல் வைத்தார். ஒரு காய் போவது நிச்சயம் என்று தெரிந்து ஆனந்த் அங்கேயே கைகொடுத்துவிட்டார். ஆறு நகர்த்தல். அந்தச் செய்தி எங்களை வந்தடைந்தபோது கிளப்பே இரண்டு நாள் துக்கம் கொண்டாடியது. அதற்குள்ளே, நம்மை மாதிரிதான் அவரும் என்று ரகசியமாக ஒரு ஆறுதலும் இருந்தது. அவர் அதிலிருந்து எழுந்து ஐந்து முறை உலகப் பட்டம் வாங்கினார் என்பதும், நாங்கள் வரிசையின் வாலில் இருந்தபடியே இருந்தோம் என்பதும் வேறு விஷயம்.

பிறகு பெட்டிகள் வந்தன. ஹாம்பர்க்கிலிருந்து செஸ்பேஸ் என்றொரு மென்பொருள் எண்பதுகளின் கடைசியில் கிளம்பியது. தொண்ணூறுகளில், தானே செஸ் ஆடும் ‘எஞ்சின்’ ஃபிரிட்ஸ் வந்தது. ஃபிளாப்பியை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நண்பன் வீட்டுக்குப் போய், செருப்பை வெளியே விட்டு, ஏசி அறையில் பயபக்தியோடு உட்கார்ந்து, ஒரு நிலையைக் காட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்போம். அது சொல்வதைக் கேட்டு முதலில் சிரித்தோம், பிறகு வாதாடினோம், 1997-இல் டீப் புளூ என்ற கம்ப்யூட்டர் காஸ்பரோவை வென்ற பிறகு வாயை மூடிக்கொண்டோம். இன்றைய ஆட்டக் களஞ்சியத்தில் ஒரு கோடி ஆட்டங்களுக்குமேல் இருக்கின்றன. என் நோட்டில் சிவப்பு மையில் எழுதி, நீல மையில் அடித்து, பென்சிலால் சந்தேகப்பட்டதெல்லாம் அதில் கண் மூடித் திறப்பதற்குள் கிடைத்துவிடும். சிவப்பு மை மட்டும் கிடைக்காது.

பேத்தி படிக்கும் முறையைப் பார்த்தால் எனக்குப் பொறாமை பாதி, பரிதாபம் பாதி. காசு கட்டி வாங்கிய கோர்ஸ் ஒன்று, மறந்துபோகப்போகிற நாளைப் பார்த்து அந்த நகர்த்தலையே அவளிடம் கேட்கிறது. தப்பாகச் சொன்னால் நாலு மணி நேரத்தில் மறுபடியும் கேட்கிறது. சரியாகச் சொன்னால் நாலு நாளைக்கு விட்டுவைக்கிறது. எங்களுக்கு அப்படிக் கேட்க வகுப்பு வாத்தியார் தவிர யாரும் இல்லை. அவரும் செஸ்ஸைக் கேட்கமாட்டார். ஒரு நாள், அவள் கைப்பேசியில் ஒரு அருமையான சிக்கல் நிலையைப் பார்த்து, “இதில யாருக்கு நல்லதுன்னு நினைக்கிற, கண்ணு?” என்று ஆசையாகக் கேட்டேன். பாய் விரித்து ஒரு மாலை முழுக்கப் பேசலாம் என்ற பழைய சபலம்.

“ஜீரோ ஜீரோ, தாத்தா.”

“அது சரி, ஏன் ஜீரோ?”

“ஏன்னா? அப்படித்தான் காட்டுது,” என்றாள், ஏதோ வெயில் ஏன் அடிக்கிறது என்று நான் கேட்டுவிட்டதுபோலப் பார்த்து.

இப்படி எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டதால் நேர்ந்த வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியாது. எல்லாப் புதிய தெருக்களிலும் கூட்டம் நெருக்கவே, பெரியவர்கள் மெல்லப் பழைய தெருவுக்குத் திரும்பிவிட்டார்கள். 2000-இல் லண்டனில் கிராம்னிக், எட்டாவது நகர்த்தலுக்குள் ராணிகளை மாற்றிக்கொண்டு கறுப்பு ராஜாவைக் கேஸ்லிங் இல்லாமலே நடுவில் நிறுத்தும் பெர்லின் டிஃபென்ஸை, பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி ஆட, காஸ்பரோவால் அந்தப் போட்டி முழுக்க ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க முடியாமல் பட்டம் பறிபோனது. பெர்லின் சுவரில் முட்டிக்கொள்ள அலுத்துப்போனவர்கள் பிறகு இத்தாலியனுக்குத் திரும்பினார்கள். மந்திரியை சி4-இல் வைத்து, சிப்பாயை ஒரே கட்டம் தள்ளி, சாவகாசமாக ஆடும் அதே இத்தாலியன்தான். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் திண்ணையில் ஆடியதும், ‘தியரியே தெரியாத மனுஷன்’ என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்ததும் அதைத்தான். லண்டன் சிஸ்டம் என்று ஒன்று, 1922-ஆம் ஆண்டு லண்டன் போட்டியில் பேர் வாங்கியது, சோம்பேறிகளின் ஓப்பனிங் என்று நாங்கள் ஒதுக்கியது. 2023-இல் அஸ்தானாவில் உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் திங் லிரென் அதை ஆடி ஜெயித்தார். ஓரத்துச் சிப்பாயைத் தள்ளாதே, ராஜாவுக்கு வீடு காலியாகிவிடும் என்று எங்கள் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். 2017-இல் ஆல்ஃபாஜீரோ என்ற கம்ப்யூட்டர் நிரல், விதிகளை மட்டும் தெரிந்துகொண்டு தன்னோடு தானே ஆடிப் படித்துவிட்டு வந்து, முதல் காரியமாக ஹெச் சிப்பாயை எதிராளியின் வாசல்வரை தள்ளியது. இன்று கிராண்ட்மாஸ்டர்கள் எல்லோரும் தள்ளுகிறார்கள். குட்டு வாங்கிய தலைக்கு நஷ்ட ஈடு கேட்க ஆளில்லை.

இதையெல்லாம் முன்னமே உணர்ந்தவர் முன்னாள் உலக சாம்பியன் ஃபிஷர். சோவியத் பத்திரிகைகளைப் படிப்பதற்காக ருஷ்ய மொழியைக் கற்றுக்கொண்டு, ஓப்பனிங்கில் யாருக்கும் தெரியாததைத் தெரிந்துவைத்திருந்த அந்த மனுஷரே 1996-இல் புவெனஸ் அயர்ஸில், ஓப்பனிங்கே வேண்டாம், பின்வரிசைக் காய்களைக் கலைத்துப் போட்டு 960 விதமாக ஆரம்பியுங்கள் என்று சொல்லிவிட்டார். நாம் ஆடும் ஆட்டம் அந்த வரிசையில் 518-ஆம் இலக்கம், அவ்வளவுதான். அந்த ஒற்றை இலக்கத்துக்காக எத்தனை சனிக்கிழமைகள்! இன்னொரு பக்கம், நம் ஊர் குகேஷை கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை எஞ்சின் பக்கமே விடாமல் வளர்த்தார் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. பையன் 2024-இல், பதினெட்டு வயதில், சிங்கப்பூரில் திங் லிரெனை 7.5–6.5 என்று வென்று உலக சாம்பியன் ஆனான். இந்தச் செய்தியைப் பேத்திக்குப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொள்வாள்.

போன கோடையில் வீட்டுக்கு வெள்ளையடிக்க அலமாரியைக் காலிசெய்தபோது அந்த நோட்டு அவள் கையில் மாட்டியது. ஒட்டிய பத்திரிகைத் துண்டு பழுப்பேறி, கோந்து வண்டுகளுக்கு இரையாகி, பி44 மட்டும் சிவப்பு மாறாமல் இருந்தது. நகர்த்தல்களைக் கைப்பேசியில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். நான் அனுபவஸ்தனாக, “அது வேண்டாம்மா, பன்னிரண்டாவது மூவ்ல மந்திரியை இ3-ல வெச்சா கதை முடிஞ்சுது, கார்போவ் எண்பத்தாறுலயே காட்டிட்டார்,” என்றேன்.

“ஆமா, எஞ்சினும் அதைத்தான் சொல்லுது. ஒயிட்டுக்கு ரொம்ப நல்லது.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன தாத்தா? அதை போர்டுல அவன் கண்டுபிடிக்கணும்ல?”

நாற்பது வருஷமாக எனக்கு இப்படி ஒரு யோசனை வந்ததில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு துளி செய்தி கிடைத்த நாங்கள் அந்தத் துளியை வேதவாக்காக நம்பினோம். கடலே கையில் இருக்கும் இவர்கள், கடல் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, சரி, இருக்கட்டும் என்று தங்கள் இஷ்டத்துக்கு ஆடுகிறார்கள்.

ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்த ரேட்டிங் டோர்னமெண்டில் அவளுக்குக் கறுப்பு வந்தது. கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிட, பெற்றோர்களெல்லாம் வேப்ப மரத்தடியில் சாப்பாட்டுக் கூடைகளோடு காத்திருந்தோம். வெளியே வந்தவள் சொன்னது: பையன் எட்டாவது நகர்த்தல்வரை படபடவென்று ஆடினானாம், சிப்பாயைத் தள்ளியதும் தண்ணீர் பாட்டிலைத் திறந்தானாம், பன்னிரண்டாவது நகர்த்தலுக்கு அரை மணி நேரம் யோசித்துவிட்டு, 1985-இல் கார்போவ் செய்ததைப்போலவே கேஸ்லிங் செய்தானாம். குதிரை டி3-க்குப் போய் உட்கார்ந்ததாம்.

பஸ்ஸில் ஏறியதும், இதை யாரிடமும் சொல்லிவிடாதே, இன்னும் ஒரு வருஷத்துக்கு வைத்து ஆடலாம் என்று அவள் காதில் ஓதினேன். என்னைப் பாவமாகப் பார்த்தாள். ஆட்டத்தை அகாடமி குரூப்பில் ஏற்கனவே ஏற்றிவிட்டாளாம், முப்பது பேர் பார்த்தாகிவிட்டதாம், கோச் சாரும் பாராட்டிவிட்டு, இது எந்த கோர்ஸில் இருக்கிறது, இப்போது ஆஃபர் ஏதாவது ஓடுகிறதா என்று கேட்டிருந்தாராம்.